குறைந்த செலவில் வீட்டுக் கணினி: எந்தப் பாகத்துக்குப் பணம், எதில் சிக்கனம்

கடலூரிலோ புதுச்சேரியிலோ ஒரு கணினிக் கடைக்குப் போய், வீட்டுக்கு ஓர் அசெம்பிள்டு சிஸ்டம் வேண்டும் என்று கேட்டால், துண்டுச் சீட்டில் நான்கு வரி எழுதித் தருவார்கள்: "ஐ7 பிராசஸர், 16 ஜிபி ரேம், 512 எஸ்எஸ்டி, கேபினெட் வித் எஸ்எம்பிஎஸ்." கீழே ஒரு தொகை இருக்கும். வாங்குபவர் அதை வேறொரு கடையின் சீட்டோடு ஒப்பிட்டு, எண்கள் பெரிதாகவும் தொகை சிறிதாகவும் இருக்கிற சீட்டைத் தேர்ந்தெடுப்பார். ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியவை பெரும்பாலும் அந்தச் சீட்டில் எழுதப்படுவதே இல்லை. அந்த ஐ7 எந்த ஆண்டில் வெளிவந்தது, 16 ஜிபி ரேம் ஒரே துண்டா இரண்டு துண்டா, எஸ்எஸ்டி எந்த வகையைச் சேர்ந்தது, மதர்போர்டு எது, மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் உண்மையில் எத்தனை வாட் தரும் என்பவைதான் அந்தக் கணினி எப்படி உழைக்கும், எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

இக்கட்டுரை விலைப்பட்டியல் தருவதற்காக எழுதப்பட்டதன்று. பாகங்களின் விலை நிலையாக இருப்பதில்லை. 2025ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளைப் பெருமளவில் வாங்கத் தொடங்கியதால், ரேம் விலை சில வாரங்களிலேயே தாறுமாறாக ஏறியதை அப்போது வாங்கப் போனவர்கள் அறிவார்கள். விலை மாறினாலும் மாறாதது, பாகங்கள் ஒன்றையொன்று சார்ந்து இயங்கும் விதம். அது புரிந்துவிட்டால், எந்த மாதத்தில் வாங்கப் போனாலும் கையிலிருக்கும் பணத்தை எப்படிப் பிரிப்பது என்று நாமே முடிவு செய்ய முடியும்.

வேலை எங்கே காத்து நிற்கிறது

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் படகுகள் கரை சேர்ந்த பிறகு மீனைத் தரம் பிரிக்கும் இடத்தை எண்ணிப் பாருங்கள். பிரிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள், மீனைக் கொட்டிப் பரப்பத் தளம் இருக்கிறது, மிச்ச மீன் ஐஸ் அறையில் இருக்கிறது. ஆட்கள் எவ்வளவு கைவேகம் உள்ளவர்களானாலும், தளம் குறுகலாக இருந்தால் ஒரு கூடையைப் பிரித்து ஒதுக்கிய பிறகே அடுத்த கூடையைக் கொட்ட முடியும். ஐஸ் அறையிலிருந்து கூடை வந்து சேரத் தாமதமானால் அதுவரை ஆட்கள் சும்மா நிற்க வேண்டியதுதான். அங்கே கூடுதலாக நான்கு ஆட்களை வேலைக்கு வைத்தால் கூலிச் செலவு கூடும், வேலை கூடாது.

கணினியில் கணக்கிடும் பாகமான பிராசஸர்தான் அந்த ஆட்கள். பிராசஸர் இந்த நொடியில் கையாளும் தகவல்களைப் பரப்பி வைக்கும் இடம் ரேம். மின்சாரம் நின்றதும் இதிலுள்ளவை அழிந்துவிடும். மின்சாரம் இல்லாதபோதும் கோப்புகளைக் காத்து வைக்கும் ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி, ஐஸ் அறையின் இடத்தில் இருக்கிறது. எந்தப் பாகத்துக்காக மற்றவை காத்திருக்கின்றனவோ அதை நெரிசல் முனை என்று அழைப்போம். கணினி மெதுவாக இருக்கிறது என்று நாம் சொல்லும் ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு நெரிசல் முனை இருக்கிறது; அதைத் தவிர வேறு எந்தப் பாகத்தில் பணத்தைப் போட்டாலும் மாற்றம் தெரியாது.

அது எங்கே இருக்கிறது என்பதை ஊகிக்கத் தேவையில்லை. இப்போது பயன்படுத்தும் கணினியிலோ நண்பரின் கணினியிலோ வழக்கமான வேலைகளைத் திறந்து வைத்துக்கொண்டு, விண்டோசில் உள்ள டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். பிராசஸர், மெமரி, டிஸ்க் ஆகிய மூன்றில் எது அடிக்கடி நூறு விழுக்காட்டைத் தொடுகிறதோ அதுதான் உங்கள் வேலைக்கான நெரிசல் முனை. கடைக்குப் போகும் முன் இதற்கு ஒரு கால் மணி நேரம் ஒதுக்குவது மிகவும் பயனுள்ளது.

பிராசஸர்: பெயரைவிடப் பின்னால் வரும் எண் முக்கியம்

ஐ3, ஐ5, ஐ7 என்பவை இன்டெல் நிறுவனம் 14ஆம் தலைமுறை வரை ஒவ்வொரு தலைமுறைக்குள்ளும் வைத்திருந்த படிகள். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 3, 5, 7 என்பவையும் அப்படியே. ஒரே தலைமுறையில் ஐ3-ஐவிட ஐ7 வலிமையானது என்பது சரி. தலைமுறை வேறானால் அந்த ஒப்பீடு செல்லாது. இதைக் கவனிக்காமல் விடுவதால்தான் பழைய ஐ7 கணினிகள் புதியவற்றைவிட மேலானவை என்ற பெயரில் இன்றும் விற்கப்படுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு. 2011இல் வெளிவந்த ஐ7-2600 பிராசஸரில் 4 கோர்களும் 8 த்ரெட்களும் உள்ளன. கோர் என்பது பிராசஸருக்குள் தனித்துக் கணக்கிடக்கூடிய ஓர் அலகு. த்ரெட் என்பது அந்தக் கோர் ஒரே நேரத்தில் கையில் எடுத்துக்கொள்ளும் வேலை வரிசை. 2022இல் வெளிவந்த ஐ3-12100 பிராசஸரிலும் அதே 4 கோர், அதே 8 த்ரெட். உச்ச வேகம் முன்னதற்கு 3.8 ஜிகாஹெர்ட்ஸ், பின்னதற்கு 4.3 ஜிகாஹெர்ட்ஸ், ஒரு ஜிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு நூறு கோடித் துடிப்பு. எண்களை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனால் நடைமுறையில் அந்த ஐ3 ஏறத்தாழ இரண்டு மடங்கு வேலையை முடிக்கிறது. காரணம், ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனைக் கட்டளைகளை முடிக்க முடியும் என்பது தலைமுறைக்குத் தலைமுறை கூடிக்கொண்டே வந்திருக்கிறது. கடைச் சீட்டில் அந்த அளவு ஒருபோதும் இருக்காது. அதை அறிந்துகொள்ள நமக்கிருக்கும் எளிய வழி, முழு மாடல் எண்ணைக் கேட்டு வாங்குவதுதான். இன்டெல்லின் இந்த வரிசையில் கோட்டுக்குப் பின் வரும் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களை நீக்கினால் மிஞ்சுவது தலைமுறை: 2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை.

பழைய தலைமுறைக்கு இன்னொரு தடையும் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற்கும் இன்டெல் பிராசஸர்கள் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. விண்டோசுக்கு மாற்றான லினக்ஸ் பயன்படுத்தத் தயாராக இருப்பவருக்குப் பழைய கணினி இன்னும் சில காலம் உழைக்கும். அது நல்ல, நேர்மையான தேர்வுதான், ஆனால் அதற்குரிய மலிவு விலையில் கிடைக்க வேண்டும். ஐ7 என்ற பெயருக்காக மட்டும் பணம் கொடுப்பது வீண்.

மாடல் எண்ணின் இறுதியில் வரும் எழுத்தையும் பார்க்க வேண்டும். இன்டெல்லில் எஃப் என்று முடிந்தால் அந்தப் பிராசஸருக்குள் படம் காட்டும் பகுதி கிடையாது. தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வாங்காவிட்டால் மானிட்டரில் எதுவுமே தெரியாது. விலை சற்றுக் குறைவாக இருக்கிறதே என்று 12100எஃப் வாங்கி வந்து, திரை இருண்டு கிடப்பதைப் பார்த்து மதர்போர்டு பழுது என்று எண்ணித் திரும்பக் கடைக்கு ஓடுபவர்கள் இருக்கிறார்கள். ஏஎம்டியில் 5600 என்பதில் படம் காட்டும் பகுதி இல்லை. 5600ஜி என்பதில் உண்டு, அதுவும் சிறு விளையாட்டுகளுக்குப் போதுமான வலிமையோடு. கே என்று முடியும் இன்டெல் பிராசஸர்கள் வேகத்தைக் கையால் கூட்டிக்கொள்ள விரும்புபவர்களுக்கானவை. சிக்கனமாக வாங்குபவருக்கு அவை தேவையில்லை.

இதுவரை சொன்னதன் சாரம்: படியைவிடத் தலைமுறை முக்கியம், முழு மாடல் எண்ணையும் கடைசி எழுத்தையும் சீட்டில் எழுதித் தரச் சொல்ல வேண்டும்.

மதர்போர்டு: எது எதோடு பொருந்தும்

எல்லாப் பாகங்களையும் இணைக்கும் பலகையே மதர்போர்டு. அதில் பிராசஸர் உட்காரும் சதுரமான இருக்கைக்கு சாக்கெட் என்று பெயர். சாக்கெட் ஒத்துப்போகாத பிராசஸரைப் பொருத்தவே முடியாது. இன்டெல்லின் 12, 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினிப் பிராசஸர்களுக்கு எல்ஜிஏ 1700. ஏஎம்டியின் ரைசன் 5000 வரிசைக்கு ஏஎம்4, 7000 வரிசைக்கு ஏஎம்5. ஏஎம்4 பலகைகள் பழைய வகையான டிடிஆர்4 ரேமை மட்டும் ஏற்கும், ஏஎம்5 பலகைகள் புதிய வகையான டிடிஆர்5 ரேமை மட்டும் ஏற்கும். எல்ஜிஏ 1700 பலகைகளில் இரண்டு வகையும் உண்டு என்பதால், எந்த ரேமுக்கானது என்று பெட்டியைப் பார்த்தே வாங்க வேண்டும்; ஒன்றுக்கான துளையில் மற்றது நுழையாது.

பலகைக்குள் பதிந்திருக்கும் தொடக்க மென்பொருளான பயாஸ், புதிய பிராசஸரை அடையாளம் காணும் அளவுக்குப் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். கடையில் நெடுநாள் இருந்த பி450 பலகையில் ரைசன் 5000 வரிசையைப் பொருத்தும்போதோ, பழைய இருப்பிலிருந்து எடுத்த எச்610 பலகையில் 14ஆம் தலைமுறையைப் பொருத்தும்போதோ இது தடையாகலாம். கடையிலேயே புதுப்பித்துத் தரச் சொல்லிவிட்டால் தொல்லை இல்லை. மற்றபடி, விளக்குகள் மின்னும் விலை உயர்ந்த பலகைகளால் சாதாரணப் பிராசஸரின் வேகம் கூடுவதில்லை. பெயர் தெரிந்த நிறுவனத்தின் எளிய பலகை போதும்.

ரேம்: அளவும், இரண்டு துண்டுகளும்

தளம் நிரம்பிவிட்டால் கணினி என்ன செய்கிறது? உடனே தேவைப்படாதவற்றை எஸ்எஸ்டியிலோ ஹார்ட் டிஸ்கிலோ தற்காலிகமாக எழுதி வைத்து, வேண்டும்போது திரும்ப எடுக்கிறது. பிரவுசரில் இருபது பக்கங்களைத் திறந்து வைத்துவிட்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது திரை ஒரு கணம் உறைந்து நிற்பது பெரும்பாலும் இதனால்தான். இன்றைய விண்டோசுக்கும் பிரவுசருக்கும் 8 ஜிபி நெருக்கடியாகவே இருக்கிறது. 16 ஜிபி இருந்தால் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். அதற்கு மேல் வாங்குவது, காணொலித் தொகுப்பு போன்ற குறிப்பிட்ட தேவை உள்ளவருக்கு மட்டுமே பயன் தரும். தளம் போதுமான அளவு இருந்தால், அதைவிடப் பெரிய தளத்தால் பிரிக்கும் வேகம் கூடுவதில்லை.

எத்தனைத் துண்டுகள் என்பது பலர் கேட்கத் தவறும் கேள்வி. பிராசஸருக்கும் ரேமுக்கும் இடையே வழக்கமாக இரண்டு பாதைகள் இருக்கின்றன. அவற்றுக்குச் சேனல் என்று பெயர். டிடிஆர்4-3200 வகை ரேம் ஒரு பாதையில் நொடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி தகவலைக் கடத்தும். 16 ஜிபி-யை ஒரே துண்டாக வாங்கினால் ஒரு பாதைதான் வேலை செய்யும். 8 ஜிபி-யில் இரண்டு துண்டுகளாக வாங்கினால் இரண்டு பாதைகளும் சேர்ந்து 51.2 ஜிபி வரை கடத்தும். பிராசஸருக்குள்ளேயே படம் காட்டும் பகுதி இருந்தால் அதுவும் இதே ரேமைத்தான் பயன்படுத்துகிறது. ஆகவே கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். நான்கு துளைகள் உள்ள பலகையாக இருந்தால், இரண்டு துண்டுகளையும் பிராசஸரிலிருந்து எண்ணி வரும்போது இரண்டாவது, நான்காவது துளைகளில் பொருத்துவது வழக்கம். பலகையோடு வரும் கையேட்டிலும் இது படமாகக் காட்டப்பட்டிருக்கும்.

எஸ்எஸ்டி: வடிவம் வேறு, வேகம் வேறு

ஹார்ட் டிஸ்க் ஏன் மெதுவானது என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி எடுத்துக்கொள்கிறது. தேவையான தகவல் படிக்கும் முனையின் கீழே வர, சராசரியாக அரைச் சுற்றாவது காத்திருக்க வேண்டும். முனை நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஒவ்வொரு தேடலுக்கும் பத்து மில்லி விநாடிக்கு மேல் ஆகிவிடுகிறது. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டிக்கு அதே தேடலுக்கு 0.1 மில்லி விநாடி அளவே ஆகும். கணினி தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடி எடுக்க வேண்டியிருப்பதால், பழைய கணினியில் கூட ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி போட்டால் அது புதிதாக வாங்கியதுபோல் இயங்குகிறது. செலவிட்ட ரூபாய்க்கு இவ்வளவு பலன் தரும் மாற்றம் வேறொன்று இல்லை என்பது என் உறுதியான கருத்து.

எம்.2 என்பது சூயிங்கம் பட்டை அளவிலான ஒரு வடிவத்தின் பெயர். அந்த வடிவத்தில் சாட்டா என்ற பழைய இணைப்பு முறையும் வருகிறது, என்விஎம்இ என்ற புதிய முறையும் வருகிறது. முன்னது நொடிக்கு ஏறத்தாழ 550 எம்பி வரை செல்லும். பின்னதில் ஜென் 3 என்று குறிக்கப்படும் வகையே 3,500 எம்பி வரை செல்லும். விலை வேறுபாடு சிறிதாக இருந்தால் என்விஎம்இ வாங்குங்கள். அதைவிட வேகமான வகைகளுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதால், கடிதம் எழுதுபவருக்கும் கணக்குப் பார்ப்பவருக்கும் எந்த மாற்றமும் தெரியாது.

கிராபிக்ஸ் கார்டு தேவையா

விளையாட்டு, காணொலித் தொகுப்பு, முப்பரிமாண வரைகலை ஆகியவற்றில் ஒன்றுகூட உங்கள் வேலையில் இல்லையென்றால் தேவையில்லை. டாலி, அலுவலக மென்பொருள்கள், இணைய வகுப்பு, நிரலாக்கம் எல்லாவற்றுக்கும் பிராசஸருக்குள் இருக்கும் பகுதியே போதும். "2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு இலவசம்" என்று சொல்லித் தரப்படும் பழைய கார்டுகள் பல, இன்றைய பிராசஸரின் உள்ளிருக்கும் பகுதியைவிட வலிமை குறைந்தவை. பின்னாளில் வாங்கிச் செருகிக்கொள்ள மதர்போர்டில் இடம் இருக்கும் என்பதால், ஐயம் இருந்தால் இதைத்தான் தள்ளிப்போட வேண்டும்.

எஸ்எம்பிஎஸ்: சிக்கனம் செய்யக் கூடாத இடம்

கேபினெட்டோடு இலவசமாக வருகிற தகரப் பெட்டி என்றே எஸ்எம்பிஎஸ் பலருக்கும் அறிமுகமாகியிருக்கிறது. எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் இதன் வழியாகவே போகிறது என்பதால், இது தரமற்றதாக இருந்து பழுதானால் சில நேரங்களில் மதர்போர்டையும் எஸ்எஸ்டியையும் சேர்த்தே கெடுத்துவிட்டுப் போகும். ஆகவே இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

நம் சுவர்ப் பிளக்கில் வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். எஸ்எம்பிஎஸ் முதலில் அதை ஏறத்தாழ 325 வோல்ட் நேர்திசை மின்சாரமாக மாற்றி, பெரிய மின்தேக்கி ஒன்றில் நிரப்புகிறது. பிறகு அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை விட்டுவிட்டுச் சிறிய மின்மாற்றி வழியாகச் செலுத்தி, 12 வோல்ட்டாகக் குறைத்து, அது கூடாமலும் குறையாமலும் இருக்கும்படி தொடர்ந்து சரிசெய்துகொண்டே இருக்கிறது. 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும் கூட வெளிவருகின்றன. ஆனால் இன்றைய பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலான மின்சாரத்தை 12 வோல்ட்டிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன.

மலிவான எஸ்எம்பிஎஸ் ஒன்றின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தாளை வாசித்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருக்கும். அதன் கீழுள்ள சிறிய அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர் என்று இருந்தால், 12ஐ 16ஆல் பெருக்கிப் பாருங்கள்: 192 வாட். உங்கள் கணினிக்கு உண்மையில் கிடைக்கப்போவது அந்த அளவுதான். பெயர் பெற்ற நிறுவனத்தின் 450 வாட் எஸ்எம்பிஎஸ்சில் அதே கட்டத்தில் 35 ஆம்பியருக்கு மேல் போட்டிருப்பதைப் பார்க்கலாம். கையில் எந்தக் கருவியும் இல்லாமல், கடை மேசையிலேயே ஒரே பெருக்கலில் தரம் பிரித்துவிட முடிகிற சோதனை இது.

எவ்வளவு வாட் வேண்டும்? ஐ3-12100 உச்ச வேலையில் 89 வாட் வரை எடுக்கும். ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் கார்டின் 8 ஜிபி வகைக்கு 130 வாட். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, விசிறிகளுக்கு 50 வாட் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் மொத்தம் 270 வாட்டுக்குள் அடங்கிவிடுகிறது. உண்மையான 450 வாட் எஸ்எம்பிஎஸ் இதற்குத் தாராளம். 750 வாட் வாங்கச் சொல்லும் அறிவுரைக்கு இங்கே இடமில்லை. 80 பிளஸ் என்ற சான்று, வாங்கிய மின்சாரத்தில் குறைந்தது 80 விழுக்காட்டைப் பயனுள்ளதாக மாற்றித் தருகிறது என்பதைக் குறிக்கும். கணினிக்கு 200 வாட் வேண்டுமென்றால் சுவரிலிருந்து 250 வாட் எடுக்கும், மிச்சமுள்ள 50 வாட் வெப்பமாகும். அந்தச் சான்று திறனைப் பற்றியது மட்டுமே என்பதால், எத்தனை ஆண்டு வாரண்டி தருகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எஸ்எம்பிஎஸ்சின் வாசலில் மின்சாரத்தைச் சுத்தம் செய்யும் சிறு மின்தேக்கிகள் எர்த் கம்பியோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. வீட்டில் எர்த் சரியில்லை என்றாலோ, மூன்று முள் பிளக்கை இரண்டு முள் எக்ஸ்டென்ஷனில் செருகினாலோ, கேபினெட்டின் உலோக உடலில் ஏறத்தாழ 115 வோல்ட் மிதக்கத் தொடங்கும். வெறுங்காலோடு நின்று கேபினெட்டின் திருகைத் தொடும்போது விரலில் சுருக்கென்று இழுப்பது அதனால்தான். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் பெரும்பாலும் வெறும் சுருக்கோடு போய்விடும். ஆனாலும் அது எர்த் இல்லை என்று வீடு நமக்குச் சொல்லும் எச்சரிக்கை. பழைய ஓட்டு வீடுகளும் பலமுறை கைமாறிய வாடகை வீடுகளும் நிறைந்த இந்த ஊர்களில், கணினி வாங்கும் முன் ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்து எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மின்வெட்டுக்கும் வழி செய்ய வேண்டும். அந்தப் பெரிய மின்தேக்கியில் தேங்கிய மின்சாரம், சப்ளை நின்ற பிறகும் ஏறத்தாழ 16 மில்லி விநாடி வரை கணினியைத் தாங்கும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்புறம் யுபிஎஸ் மோட் என்ற சிறு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். பல இன்வெர்ட்டர்களில் உண்டு. அதில் வைத்தால் பேட்டரிக்கு மாறும் நேரம் குறைந்து, பெரும்பாலும் கணினி அணையாமல் தப்பிக்கும். தனி யுபிஎஸ் வாங்குபவர்கள் விஏ என்ற எண்ணையும் வாட்டையும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது: 600 விஏ என்று எழுதிய யுபிஎஸ் வழக்கமாக 360 வாட் மட்டுமே தரும். கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினிக்கும் மானிட்டருக்கும் அது போதும்.

சுருக்கமாக: தாளில் உள்ள 12 வோல்ட் கட்டத்தைப் பெருக்கிப் பாருங்கள், எர்த்தை உறுதி செய்யுங்கள், இன்வெர்ட்டர் சுவிட்சை மாற்றுங்கள்.

கடற்காற்றும் கேபினெட்டும்

தேவனாம்பட்டினத்திலும் குருசுக்குப்பத்திலும் ஜன்னல் கம்பிகள் எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கின்றன என்பதை அங்கே குடியிருப்பவர்கள் அறிவார்கள். காற்றில் வரும் உப்புத்துகள் கேபினெட்டுக்குள் படிந்து, ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. பின்புறத் திருகுகளும் இணைப்புத் துளைகளின் ஓரங்களும் முதலில் செம்பழுப்பாகும். கடலை ஒட்டி வசிப்பவர்களுக்கு, நான்கு பக்கமும் ஓட்டைகள் உள்ள கேபினெட்டைவிட, காற்று உள்ளே வரும் வழியில் வலை வடிகட்டி உள்ள எளிய கேபினெட்டே ஏற்றது. கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். அவ்வப்போது கணினியை இயக்கினால் உள்வெப்பமே ஈரத்தை உலர்த்திவிடும். மாதக்கணக்கில் மூடி வைத்தால்தான் கேடு.

ரேமின் தங்க முலாம் பூசிய முனைகளை ரப்பரால் அழுத்தித் தேய்த்துச் செருகினால் கணினி உயிர் பெறும் என்பது நம் ஊர்க் கைவைத்தியம். அது வேலை செய்வது உண்மைதான். ஆனால் அந்த முலாம் மிக மெல்லியது. அடிக்கடி தேய்த்தால் அதுவே கரைந்து, பிறகு விரைவாகக் கறுக்கத் தொடங்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்துத் துடைப்பது பாதுகாப்பானது.

கேபினெட்டைத் தரையிலும் வைக்காதீர்கள். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, தெருவில் நின்ற தண்ணீர் எத்தனை வீடுகளுக்குள் புகுந்தது என்பதை மறந்திருக்க மாட்டோம். மேசை மேல் வைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை.

பணத்தைப் பிரிப்பது

மானிட்டரை ஒதுக்கிவைத்துவிட்டுக் கணக்கிடுவோம். வில்லியனூரில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவருக்கு நிரலாக்கமும் இணைய வகுப்பும்தான் வேலை என்றால், ஐ3-12100 அல்லது ரைசன் 5 5600ஜி போன்ற ஒன்று, அதற்கேற்ற எளிய பலகை, 8 ஜிபி-யில் இரண்டு துண்டு ரேம், 500 ஜிபி என்விஎம்இ, நல்ல 450 வாட் எஸ்எம்பிஎஸ் போதும். மொத்தத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாகப் பிராசஸருக்கும் பலகைக்கும் போகும். எஸ்எம்பிஎஸ்சுக்குப் பத்தில் ஒரு பங்கை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டு மற்றதைப் பிரிப்பது என் வழக்கம். ரேம் விலை ஏறியிருக்கும் மாதத்தில் பணம் போதவில்லை என்றால், கேபினெட்டில் குறைக்கலாம். ஒரு 8 ஜிபி துண்டோடு தொடங்கி இன்னொன்றைப் பிறகு சேர்க்கலாம். எஸ்எம்பிஎஸ்சில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நெல்லிக்குப்பத்தில் கல்யாணக் காணொலி தொகுக்கும் ஒருவருக்கு இந்தப் பிரிவினை மாறும். அவருக்குக் கோர்கள் கூடுதலாக வேண்டும், 32 ஜிபி ரேம் வேண்டும், கிராபிக்ஸ் கார்டும் பயன்படும். படம் காட்டும் பகுதி உள்ள இன்டெல் பிராசஸர்களில் காணொலியை விரிக்கவும் சுருக்கவும் தனிச் சுற்று ஒன்று இருக்கிறது. ஐ5-12400 போன்ற ஒன்றை எஃப் இல்லாமல் வாங்கினால், அந்தச் சுற்றைப் பயன்படுத்தும் மென்பொருள்களில் வேலை நன்றாகவே விரைகிறது. எஃப் வகையில் மிச்சமாகும் சிறு தொகைக்காக இதை இழப்பது அவருக்கு நட்டம். முடிந்த காணொலிகளைக் குவித்து வைக்க, வேகம் தேவையில்லாத இடமாகிய அங்கே, பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்று மலிவாக உதவும்.

வாங்கும்போது

புதுச்சேரியிலிருந்து, கணினிக் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெரு ஏறத்தாழ 150 கிலோமீட்டர். அங்கே விலை குறையலாம். பொருள் பழுதானால் மீண்டும் அதே தூரம் போய்வர வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கே வாங்கினாலும் ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு பாகத்தின் முழு மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும், ஏனெனில் பல நிறுவனங்கள் வாரண்டியைச் சீரியல் எண்ணை வைத்தே சரிபார்க்கின்றன. பெட்டியில் வரும் இன்டெல் பிராசஸருக்கு அந்நிறுவனம் நேரடியாக மூன்று ஆண்டு வாரண்டி தருகிறது. பெட்டியில்லாமல் தட்டிலிருந்து எடுத்துத் தருவதற்கு அந்த நேரடி வாரண்டி கிடையாது. விலை குறைவாகச் சொல்லப்படும்போது இதைக் கேட்டுவிடுங்கள்.

அசெம்பிள் செய்து முடித்ததும் கடையிலேயே ஒருமுறை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். பயாஸ் திரையில் பிராசஸரின் முழுப் பெயரும் ரேமின் மொத்த அளவும் தெரியும். ரேம் வேகம் 3200 என்று வாங்கியிருந்தும் திரையில் 2133 அல்லது 2666 என்று காட்டினால், ரேமை அதன் முழு வேகத்தில் இயக்கும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பு அணைந்திருக்கிறது என்று பொருள். அங்கேயே இயக்கித் தரச் சொல்லலாம், பலகை அனுமதித்தால் ஒரு நிமிட வேலைதான். விண்டோஸ் ஏற்றப்பட்டிருந்தால் டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் எத்தனைத் துளைகள் பயன்பாட்டில் உள்ளன என்பதும் தெரியும். 2க்கு 2 என்றோ 4க்கு 2 என்றோ இருந்தால், நீங்கள் பணம் கொடுத்த இரண்டு துண்டுகளும் உள்ளே இருக்கின்றன.